காக்கா காட்டுகிற வேலை

நெல்லித்தோப்பில் எங்கள் பிளே ஸ்கூலுக்கு எதிர்வீட்டு அம்மா, சமையல் முடித்த கையோடு முதல் பிடி சோற்றை மதில்மேல் வைத்துக் காக்காவைக் கூப்பிடுவார். அவர் கூப்பிடுகிற நேரமும், எங்கள் கேட்டில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற நேரமும் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைக் கவனித்துவிட்டேன். கவனிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதற்கு முன்னால் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில், புடவை செக்‌ஷனில் பல வருஷம் நின்றவள் நான். ஒருவர் கண் எங்கே போகிறது, அதை எப்படி வேறு பக்கம் திருப்புவது என்பதுதான் அங்கே எனக்குச் சோறு போட்ட வித்தை. விலையைப் பார்த்து முகம் சுளிக்கிற நேரத்தில், "இந்த பார்டரப் பாருங்கக்கா" என்று இன்னொன்றை விரித்துவிட்டால் பாதி சுளிப்பு போய்விடும்.

அந்த வித்தையை அப்படியே கேட்டுக்குக் கொண்டுவந்தேன். அழத் தயாராகிற பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொள்வேன். "அங்க பாரு, காக்கா! காக்கா என்னா சாப்பிடுது பாரு!" என்று விரலை நீட்டுவேன். பிள்ளை திரும்பும். அந்த நொடியில் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டுவேன். அவள் செருப்புச் சத்தம் கேட்காமல் தெருமுனை தாண்டிவிடுவாள். பிள்ளை திரும்பித் தேடும்போது நாங்கள் உள்ளே பொம்மை அலமாரிக்கு முன்னால் இருப்போம். அழுகை குறைவு. அம்மாக்களுக்கு என்மேல் ஏகப்பட்ட பிரியம். "குண்டு மிஸ் வந்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே கேட்டுக்கு வருவார்கள். குண்டு என்றதை மட்டும் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன்.

இது நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்புவது இப்படித்தான். சொன்னால் அழும், சொல்லாமல் போனால் மறந்துவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. என் இரண்டு பிள்ளைகள் சிறிதாக இருந்தபோது நானும் பின்வாசல் வழியாகத்தான் கடைக்குப் போனேன்.

கடையில் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டதால்தான் இந்த வேலைக்கு வந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்று யாரோ சொன்னார்கள். சொன்னவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி. வாரநாளில் பள்ளியில் உதவி டீச்சர், சனிக்கிழமை உழவர்கரையில் ஒரு ஹாலில் வகுப்பு. பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் இன்சார்ஜ் மிஸ். என் பெரிய மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருந்தால் அதிகம். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எதையும் மெல்லிய குரலில் சொல்லுவாள். அந்த மெல்லிய குரல்தான் எனக்கு எரிச்சல்.

சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள். "அக்கா, அம்மா கிளம்பறத பிள்ளைகிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பணும். காக்கா காட்டி அனுப்பாதீங்க."

"சொன்னா அழும் மிஸ்."

"அழட்டும்க்கா. அழுதா நாம இருக்கோம்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கியவளுக்கு, கல்யாணமே ஆகாத பெண் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தருகிறாள். மறுநாளும் காக்காவைத்தான் காட்டினேன். அவளும் கண்டும் காணாமல் விட்டாள். காரணம் மாடியில் இருந்தார். பள்ளி நடந்தது ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில். மேலே வீட்டு ஓனர், பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர். தெருவே அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடும். பிள்ளைகள் கூட்டாக அழ ஆரம்பித்தால் பால்கனியிலிருந்து, "மதாம்! இது என்னா, பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா?" என்று சத்தம் போடுவார். இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இன்சார்ஜ் மிஸ்ஸுக்குப் பயம்.

பள்ளி திறந்து கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்குழந்தை வந்தாள். மூன்று வயது. நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு, தலையில் அவளைவிடப் பெரிய ரிப்பன். முதுகில் முயல் படம் போட்ட பை. அவள் அம்மாவுக்கு மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை கிடைத்திருந்தது. கம்பெனி வேன் சிக்னல் பக்கம் வந்து நிற்கும், யாருக்காகவும் காத்திருக்காது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே போகிற முதல் வேலை. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. மாமியார் நோணாங்குப்பத்தில் பெரிய மகனோடு இருந்தார்.

கேட்டில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, இவ இங்க ஒட்டிக்கினாத்தான் எனக்கு வேல. இல்லன்னா இந்த மாசத்தோட நின்னுடுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு."

"ஒட்டிப்பா, நீ போ" என்றேன். அவ்வளவு தைரியம் எனக்கு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். எதிர் மதிலில் இரண்டு காக்கா. விரலை நீட்டினேன். அவள் ஆசையாகப் பார்த்தாள். அம்மா போய்விட்டாள். பிள்ளை சிரித்துக்கொண்டே, அம்மாவுக்கும் காக்காவைக் காட்டுவதற்காகத் திரும்பினாள். அம்மா நின்ற இடத்தில் யாரும் இல்லை.

அவள் அழவில்லை. அந்த இடத்தையே பார்த்தாள். சிரிப்பு முழுதாகப் போகாமல் வாயோரத்தில் அப்படியே நின்றது, கண் மட்டும் மாறிவிட்டது. பிறகு என்னைப் பார்க்கவில்லை, இன்னும் நீட்டியபடி இருந்த என் விரலைப் பார்த்தாள். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

"அழவே இல்ல மிஸ், தங்கமான பொண்ணு" என்று இன்சார்ஜ் மிஸ்ஸிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பிள்ளையைத்தான் பார்த்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை அழவும் இல்லை, உட்காரவும் இல்லை. பையைக் கழற்ற விடமாட்டாள். செருப்பைக் கழற்றினால் ஓடிப்போய் மாட்டிக்கொள்வாள். வகுப்பு வாசலில், நிலைப்படியில் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். டிபன் டப்பாவைத் திறந்து கொடுத்தால் ஒரு வாய்கூட இல்லை. ஒன்றுக்குக் கூட்டிப்போனால் வரமாட்டாள், நின்ற இடத்திலேயே போய்விடுவாள். எல்லாவற்றையும்விட ஒன்று எனக்குப் பிடிபடவே இல்லை. எதைக் காட்டினாலும் பார்க்கமாட்டாள். சுவரில் யானைப் படத்தைக் காட்டி, "அங்க பாருங்க, யாரு இது?" என்பேன். எல்லாப் பிள்ளையும் யானையைப் பார்க்கும். அவள் என்னைப் பார்ப்பாள், அப்புறம் வாசலைப் பார்ப்பாள், திரும்ப என்னைப் பார்ப்பாள்.

"கண்ணுல கோளாறு இருக்கும் மிஸ், டாக்டர்கிட்ட காட்டச் சொல்லலாம்" என்றேன். கோளாறு கண்ணில்தான் என்று எனக்கு நிச்சயம்.

வீட்டிலும் சங்கடம். அம்மா பாத்ரூமுக்குப் போனாலும் பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாளாம். புடவையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாளாம். "அவரு பாக்கறாருக்கா. வாய தொறந்து ஒண்ணும் சொல்லல, ஆனா பாக்கறாரு" என்றாள் அவள் அம்மா. மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நானோ காலையில் இன்னும் காக்காவையே தேடிக்கொண்டிருந்தேன், அந்தப் பிள்ளை காக்கா பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்ட பிறகும். அவள் பார்வையை வேறெங்காவது திருப்ப வேண்டுமே என்று பூனை, மாட்டுவண்டி, குப்பை வண்டி என்று எதையெதையோ காட்டினேன். குப்பை வண்டிக்கு ஒருநாள் ஏமாந்தாள். பாவம்.

ஒரு நாள் பதினோரு மணி வாக்கில் தெருவில் பலூன்காரர் வந்தார். கொம்பு ஊதிக்கொண்டு, தோளில் பெரிய கட்டு. எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலுக்கு ஓடிவிட்டார்கள். நானும் வழக்கப்படி, "அங்க பாரு, பலூன்!" என்றேன். அவள் பார்க்கவில்லை. முதலில் நிலைப்படியை விட்டு என்னிடம் வந்தாள். என் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்தாள், விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். நான் அசையமாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் தலையை மெல்லத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புடவையை இழுத்து இழுத்துச் சோதித்துக்கொண்டாள்.

பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில், உடைந்தாலும் உடையட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். காட்டுகிற பக்கம் பார்த்தால் ஆள் காணாமல் போய்விடும் என்று இந்தப் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் பயிற்சிக்கு வந்து இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். மத்தியானம் சோறு இறங்கவில்லை, என் உடம்புக்கு அது பெரிய செய்தி.

இன்சார்ஜ் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. "நாளைக்கு அம்மாவ சொல்லிட்டுப் போகச் சொல்லலாம்க்கா" என்றாள்.

மறுநாள் கேட்டில் அம்மா குனிந்து, "அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்டா" என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கவில்லை. பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை நாளும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். விரல் விரலாகப் பிரித்தோம். பிள்ளை வாந்தி எடுத்தாள். மாடியிலிருந்து சொல்தா, "மதாம்!" என்றார். சிக்னல் பக்கம் ஹாரன் கேட்டது, அம்மா ஓடினாள், வேன் போய்விட்டது. திரும்பி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு வாட்டி லேட்டானா வராதன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காருக்கா. நானே நின்னுடறேன். விடுங்க."

"இந்த வாரம் மட்டும் பாரும்மா" என்றேன். "வெள்ளிக்கிழம வரைக்கும் குடு. கால் மணி முன்னாடியே வா, நான் முன்னாடியே கேட்டத் தொறக்கறேன். சொல்லாம மட்டும் போகாத." எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் பஸ் பிடித்துப் போனாள். இன்சார்ஜ் மிஸ் வாசலைக் கழுவிவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"புக்ல இருக்கறது எல்லாம் முதல் நாள்ல இருந்து சொல்லிட்டுப் போற அம்மாவுக்குத்தான்க்கா. ஏற்கெனவே ஏமாந்த பிள்ளைக்கு என்னா செய்யறதுன்னு எனக்கும் தெரியல."

அவள் மேல் இருந்த எரிச்சல் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு அவள் வயதில் வந்ததில்லை. இப்போதும் சுலபமாக வருவதில்லை.

அன்று பத்து மணிக்குத் தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்தேன். வாசலில் அந்தப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு நின்றாள். கடையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டீ குடிக்கப் போனாலும் கவுன்டரை விட்டு ஓசைப்படாமல் நகரக்கூடாது. பக்கத்துக் கவுன்டர் பெண்ணிடம், "போயிட்டு வரேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். வந்ததும், "வந்துட்டேன்" என்று சொல்லவேண்டும். அப்போதுதான் அவள் பொறுப்பு தீரும். சொல்லாமல் போனவளுடைய கவுன்டரில் புடவை காணாமல் போனால் அவள் தலையில்தான் விடியும். அந்தப் பழக்கம் வாயில் தானாக வந்தது.

"மிஸ் தண்ணி எடுக்கப் போயிட்டு வரேன், பாத்துக்க" என்றேன்.

குடத்தோடு வந்து, "வந்துட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஏதோ தட்டியது. கொஞ்ச நேரம் கழித்துக் காரணமே இல்லாமல் சமையலறைக்குக் கிளம்பினேன். "போயிட்டு வரேன்." போய்ச் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன். "வந்துட்டேன்." அன்று முழுக்க இதே பிழைப்பு. துடைப்பம் எடுக்க, துணி காயப்போட, ஒன்றுமே இல்லாததற்கு. பக்கத்து அறைக்குப் போகிறவள் பம்பாய்க்குப் போகிற மாதிரி விடைபெற்றுக்கொண்டு போனேன். இன்சார்ஜ் மிஸ் முதலில் விநோதமாகப் பார்த்தாள். மத்தியானம் அவளும் போன் பேச வெளியே போகும்போது, "மிஸ் போயிட்டு வரேன்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனாள். பேசி முடித்து வந்து வாசலில் நின்று, "வந்துட்டேன்" என்றாள். மெல்லிய குரலில்தான். அந்தக் குரல் அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் அம்மா வந்தபோது ஓடிவந்து தூக்கப் போனவளைக் கேட்டிலேயே நிறுத்தினேன். "மொதல்ல வந்துட்டேன்னு சொல்லு. சத்தமா சொல்லு."

"வந்துட்டேன்!" என்றாள். கூச்சமாகத்தான் இருந்தது அவளுக்கு, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளை நிலைப்படியிலிருந்து முதன்முறையாகக் கையை எடுத்தாள்.

அடுத்த நாள் காலையும் அழுகைதான். அதற்கடுத்த நாளும். ஆனால் அம்மா சொல்லிவிட்டுப் போனாள், சாயங்காலம் சொல்லிக்கொண்டே வந்தாள். இடையில் நாங்கள் இரண்டு பேரும் அறைக்கும் அறைக்கும் போய்ப் போய் வந்தோம். வியாழக்கிழமை நான் தண்ணீர்க் குடத்தோடு திரும்பியபோது அவள் வாசலில் இல்லை. எனக்குத் திக்கென்றது. முயல் பை மட்டும் நிலைப்படிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"போயித்து வதேன்."

நான் குடத்தை இறக்காமல் நின்றேன். ரிப்பன் முதலில் வந்தது, பிறகு அவள் வந்தாள்.

"வந்துத்தேன்!"

மத்தியானம் வரைக்கும் பீரோவுக்குப் பின்னால் போவதும் வருவதுமாக இருந்தாள். ஒவ்வொரு முறையும் நாங்கள் அவளைத் தேடித் தவித்த மாதிரி நடிக்கவேண்டும். சரியாகத் தவிக்காவிட்டால் திரும்பப் போவாள். அன்று டப்பாவிலிருந்த இட்லியில் ஒன்றரை தின்றாள். யானையை அவளே காட்டினாள். நான் சமையலறைக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன். சொல்லிவிட்டுத்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா கால் மணி முன்னாலேயே வந்துவிட்டாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "இன்னிக்கு இவ அழுதான்னா இனிமே போகவேணான்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாருக்கா. தெருமுனையிலதான் வண்டிய நிறுத்திக்கினு பாத்துக்கினு நிக்கறாரு" என்றாள். எட்டிப் பார்த்தேன். டூவீலர் ஹேண்டில்பாரில் கையை ஊன்றிக்கொண்டு அவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா குனிவதற்குத் தயாரானாள். அதற்குள் பிள்ளை அவள் கையை இழுத்தாள். எதிர் மதிலுக்கு விரலை நீட்டினாள்.

"ம்மா, அங்க பாரு காக்கா! காக்கா என்னா சாப்புதுது பாரு!"

அம்மா பார்த்தாள். உண்மையிலேயே காக்கா இருந்தது, சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. அவளையும் அறியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிள்ளை பக்கம் திரும்பினாள். அவள் கை காலியாக இருந்தது. பிள்ளை உள்ளே ஓடிவிட்டாள்.

அம்மா பிள்ளை நின்ற இடத்தையே பார்த்தாள். சிரிப்பு முழுதாகப் போகாமல் வாயோரத்தில் அப்படியே நின்றது, கண் மட்டும் மாறியது. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அவள் பார்த்ததில்லை. அந்த நேரத்திலெல்லாம் அவள் தெருமுனை தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள். சிக்னல் பக்கம் ஹாரன் கேட்டது. அவள் நகரவில்லை.

அப்போது வகுப்பு வாசலில் ரிப்பன் எட்டிப் பார்த்தது. பை இல்லை, காலில் செருப்பு இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

"சொல்லு" என்றாள்.

அம்மாவுக்குப் புரியவில்லை. பிள்ளை காலை ஒருமுறை தரையில் தட்டினாள்.

"சொல்லும்மா!"

"போயிட்டு வரேன்டா" என்றாள் அம்மா. அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது, பிள்ளை கண்ணில் ஒன்றும் இல்லை. "போயித்து வா" என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிக்னலைப் பார்த்து ஓடினாள். தெருமுனையில் டூவீலர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அடுத்த பிள்ளை அழுதுகொண்டே கேட்டுக்கு வந்தது. எதிர் மதிலில் காக்கா இன்னும் தின்றுகொண்டிருந்தது. நான் அதை யாருக்கும் காட்டவில்லை.